மக்காச்சோளத்துக்கு அடியில் ஒரு பாதை

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குன்னம் பக்கத்து விவசாயி கொளஞ்சி.

"சார், கொல்லைய ஓட்டிட்டேன். டிராக்டர் இப்பத்தான் கெளம்புது. உங்ககிட்ட சொல்லிடலாம்னு போட்டேன்."

"நல்லதுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் நிலம், அவர் உழுகிறார். ஆனால் அந்த உழவோடு எங்களுடைய நீண்ட பாதை மறுபடியும் இரண்டாக உடைந்துவிட்டது...

முதலிலிருந்து வருகிறேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே திருப்தி இருக்காது.

நான் ஞாயிறுதோறும் சைக்கிள் மிதிப்பதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி உங்களைச் சலிக்க வைத்திருக்கிறேன். கியர் சைக்கிள் — தடித்த டயர், கல்லிலும் மண்ணிலும் போவது. நாங்கள் மூன்று பேர். நான், பெரம்பலூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் ரஃபீக், மோட்டாருக்குக் காயில் கட்டும் குமரேசன். மூவருக்கும் நாற்பது தாண்டியாயிற்று. மூவருக்கும் தொப்பை உண்டு.

எங்களிடம் மூன்று தடங்கள் இருந்தன. ரஞ்சன்குடி கோட்டைக்குப் பின்னால் கல்லும் செம்மண்ணுமாக ஒன்று. குன்னத்தைச் சுற்றி ஏரிக்கரைகளும் ஓடைகளுமாக, கரிசலில் ஒன்று. அரியலூர்ப் பக்கம், கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழிகளின் ஓரமாக வெள்ளைப் புழுதியில் ஒன்று. ஒரு ஞாயிறுக்கு ஒரு தடம். மதியச் சாப்பாட்டுக்கு வீடு.

குமரேசனுக்கு இது போதவில்லை.

"என்னங்க இது, துண்டு துண்டா? சீரியல் பாக்குற மாதிரி இருக்கு. நல்லா போய்க்கிட்டு இருக்கும்போது விளம்பரம் வந்துடுது. மூணையும் சேத்து ஒரே மூச்சுல போவணும்."

குன்னத்துக்கும் அரியலூருக்கும் நடுவில் இணைப்பு சுலபம், வண்டிப்பாதைகள் இருந்தன. ரஞ்சன்குடியிலிருந்து குன்னம் வருவதுதான் சிக்கல். நடுவே கொஞ்ச தூரம் தார் ரோட்டில் போயே ஆக வேண்டும். லாரிகள் ஓயாத ரோடு. போன் மேப்பில் விரலால் இழுத்தால் கோடு அழகாகச் சேர்ந்துவிடுகிறது. தரையில்?

போன ஆடியில் ஒரு ஞாயிறு, மூன்றையும் சேர்த்து ஓட்டிவிடுவது என்று கிளம்பினோம். செம்மண் முடிந்தது. தார் ரோட்டில் ஏறினோம். ஒருவர் பின் ஒருவராகத்தான் போனோம். குமரேசன் எப்போதும் கடைசியில் வருபவர். ஒரு சிறு பாலத்தைத் தாண்டியதும் பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது சைக்கிள் மட்டும் ரோட்டில் கிடந்தது. லாரி நிற்கவில்லை.

குமரேசன் ஆஸ்பத்திரி வரை உயிரோடு வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு நானும் ரஃபீக்கும் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் மனைவி கலைச்செல்வி அந்தத் தடங்கள் எதையும் பார்த்தவர் அல்ல. ஆனால் துவைக்கப் போடும் துணியைப் பார்த்தே, "இன்னிக்கி குன்னமா?" என்று கேட்பாராம். குமரேசன் எங்களிடம் பெருமையாகச் சொல்வார்.

"ஆஸ்பத்திரில ஷூவக் குடுத்தாங்கண்ணே" என்றார் கலைச்செல்வி. "செம்மண்ணு மட்டுந்தான் இருந்துச்சு. கரிசலு ஒட்டவே இல்ல."

நாங்கள் கிளம்பியபோது வாசல் வரை வந்தார்.

"நீங்க யாரும் இனிமே அந்த ரோட்டுல சைக்கிள்ல போவாதீங்க. வேற எதுவும் நான் கேக்கல."

போகவில்லை. சில மாதம் சைக்கிளையே தொடவில்லை. கார்த்திகைக்குப் பிறகு ரஃபீக்தான் ஆரம்பித்தான். "ண்ணே, ரோட்டத் தொடாம ஒரு வழி இருந்தா?"

தேடினோம். ரோட்டுக்கு இணையாக, கொஞ்சம் உள்ளே தள்ளி, இருபுறமும் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்க, நடுவில் ஒரே ஒரு கொல்லை. அதைக் கடந்தால் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் குன்னத்துத் தடம். கொல்லையில் மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. உரிமையாளர்தான் கொளஞ்சி.

விஷயத்தைச் சொல்லி, அறுவடைக்குப் பிறகு சைக்கிளில் கடந்துகொள்ளலாமா என்று கேட்டோம். கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"வேணாம் சார். எங்க சித்தப்பன் கொல்லைக்கு நடுவுல ஒரு பாதை போவுது பாத்தீங்களா? ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் வண்டி போவட்டும்னு வுட்டாரு. அந்தக் கல்யாணப் பொண்ணு இப்ப பேத்தி எடுத்துட்டா. பாதை இன்னும் போவுது!"

"நாங்க சைக்கிள்தாங்க..."

"சைக்கிள்னுதான் வருவீங்க. பொறவு டூவீலர் வரும், அது பொறத்தால டிப்பர் வரும். ஒரு தடம் வுழுந்துட்டா அதை அழிக்க நான் கோர்ட்டுக்குல்ல அலையணும்?"

திரும்பும்போது ரஃபீக் சொன்னான்: "துபாய்க்குக்கூட விசா வாங்கிடலாம்ண்ணே. இவருகிட்ட முடியாது."

சிரித்தோம். ஆனால் கொளஞ்சி சொன்னதில் தப்பு உண்டா? நம் பக்கத்தில் பாதைத் தகராறு இல்லாத ஊர் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்!

கலைச்செல்வியிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ரஃபீக் உளறிவிட்டான். மறுவாரம் எங்களையும் கூட்டிக்கொண்டு, ஸ்கூட்டியில் அவரே கொல்லைக்கு வந்துவிட்டார்.

"பெரியப்பா, எங்களுக்குப் பாதை வேணாம்" என்றார். "சோளம் அறுத்ததும் ஒரு நாளு மட்டும் இவங்க போவட்டும். மறுநாளே நீங்க ஓட்டிப் போட்டுருங்க. அவரு ஆரம்பிச்சதை இவங்க முடிச்சிடணும். அவ்வளவுதான்."

கொளஞ்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த எடத்துலம்மா?"

"பாலத்துக்கிட்ட."

"அன்னிக்கி நான் சந்தைக்குப் போயிருந்தேன். இல்லாட்டி..." இல்லாவிட்டால் என்ன செய்திருப்பார்? ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் அதைச் சொன்னார் பாருங்கள்.

கடைசியில் ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனையோடு. "ஒருத்தரு பின்னாடி ஒருத்தரு வரக் கூடாது. பக்கத்துல பக்கத்துல, ஆளுக்கு ஒரு கோட்டுல போவணும். தடம் வுழக் கூடாது."

மாசியில் அறுவடை முடிந்தது. ஒரு ஞாயிறு விடியலில் ரஞ்சன்குடியிலிருந்து கிளம்பினோம். செம்மண் முடிந்து, கொல்லையின் ஓரத்துக்கு வந்தபோது கொளஞ்சி எங்களுக்கு முன்பே நின்றிருந்தார். நானும் ரஃபீக்கும் அவர் சொன்னபடி விலகிப் பிரிந்து மிதித்தோம். கொஞ்சம் போன பிறகுதான் கவனித்தேன் — எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னொரு சைக்கிள் போகிற அளவு இடம் இருந்தது. பேசி வைத்துக்கொண்டு விட்டதல்ல.

"ஏ பாய், சோளக்கட்டை டயர்ல ஏறிடும், பாத்துப் போ!" என்று கத்திக்கொண்டே கொளஞ்சி கூடவே ஓடி வந்தார். வலது கைப் பக்கம், கருவேலத்துக்கு அப்பால், லாரிகளின் சத்தம். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஓடையில் முழங்கால் வரை சேறு. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கரையேறினோம். மேலே கலைச்செல்வி புளிசாதத்தோடு நின்றிருந்தார்.

எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். கீழே குனிந்து, என் ஷூவை ஒரு விரலால் தொட்டார். கரிசல் சேற்றைக் கொஞ்சம் வழித்தார். அடியில் செம்மண்.

"ரெண்டும் இருக்கு" என்றார்.

பிறகு, "இதை மெஷின்ல போட்டுறாதீங்கண்ணே, அடைச்சிக்கும்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. ரஃபீக் ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரும்பி நின்றுகொண்டான்.

அவர் பரிமாறினார், நாங்கள் சாப்பிட்டோம், மறுபடி ஏறினோம். வெயில் ஏறும் நேரத்தில் அரியலூர்க் குழியின் விளிம்பில் வெள்ளைப் புழுதியோடு நின்றோம். ஒரே மூச்சு. விளம்பரம் இல்லை.

மறுநாளே ஓட்டிவிடுவதாகத்தான் பேச்சு. ஆனால் டிராக்டர் கிடைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுதான் செவ்வாய்க்கிழமை போன். இனி அங்கே பெரிய பெரிய கரிசல் கட்டிகள். மழை பார்த்து விதைப்பார்கள். மறுபடி மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நிற்கும். எங்கள் பாதை அதற்கு அடியில் எங்கோ கிடக்கும்.

கலைச்செல்விக்குப் போன் செய்து சொன்னேன்.

"ஓட்டட்டும்ண்ணே, அவரு நெலம்" என்றார். பிறகு, "வர்ற மாசியில அறுத்ததும் நானே போயி மறுபடி கேக்குறேன். ஒரு நாளுதானே... குடுப்பாரு."

கொடுப்பார் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

தார் ரோடு மட்டும் யாரும் கேட்காமலே வருஷம் முழுக்கத் திறந்து கிடக்கிறது.