சேவைக்கு ஆதாரம்

சென்னையிலிருக்கும் ஓர் அறக்கட்டளை வருடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, படிப்புச் செலவு முழுவதையும் ஏற்று, நான்கு மாதம் அயர்லாந்துக்கும் அனுப்பியது. மாணவர் சேவை செய்திருக்க வேண்டும், தலைமைப் பண்பு இருக்க வேண்டும். கீழ்பென்னாத்தூர் சிந்துஜா இரண்டாம் ஆண்டு படிக்கும்போது முதல்முறை விண்ணப்பித்தாள்.

குறைதீர்க்கும் நாளான திங்கட்கிழமைகளில் முதல் இரண்டு வகுப்புகளை விட்டுவிட்டு அவள் திருவண்ணாமலை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பாள். காசு வாங்குவதில்லை. அவளுடைய அப்பாவின் நில மனுவில் யாரோ சர்வே எண்ணைத் தப்பாக எழுதிவிட, அந்த மனுஷன் இரண்டு வருடம் அலைந்தார். அதைப் பார்த்த பிறகு தொடங்கிய பழக்கம் அது.

தேர்வுக் குழுவின் தலைவர் சகாதேவன் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. எந்த மேடையிலும் மைக்கைக் கடைசியாகக் கீழே வைப்பவர். அவர் சிந்துஜாவிடம் ஆதாரம் கேட்டார்.

"மனு எழுதறப்ப யாரு சார் போட்டோ எடுப்பாங்க?" என்றாள்.

நாலு பேர் கண்ணில் படாத சேவையில் தலைமைப் பண்பு வெளிப்படுவதில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். அந்த வருடம் அருண்பிரசாத் அயர்லாந்து போனான். ஒரே ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டில் கொடுத்தவன் அவன். பாட்டிலில் அவன் முகம் ஒட்டியிருந்தது. மறுநாள் அத்தனை முகங்களையும் துப்புரவுப் பணியாளர்கள் கூட்டி அள்ளினார்கள்.

சிந்துஜா அவனை மனதுக்குள் காறித் துப்பினாள். துப்பிவிட்டு, அடுத்த வருடம் அவன் செய்ததையே செய்தாள்.

தோழி அருணாதேவியைச் செல்போனோடு அழைத்துப்போனாள். அன்று பதிவு முடியும் நேரத்துக்குச் சற்று முன் வந்தவர் வேட்டவலம் பக்கத்திலிருந்து வந்த ராஜம்மாள். புருஷன் இறந்து மூன்று வருடமாகியும் விதவை உதவித்தொகை வரவில்லை. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர். சிந்துஜா மனுவை எழுதி முடித்ததும் படம் எடுக்கத் தொடங்கினார்கள். வெயில் முகத்தில் விழுந்தது. இடம் மாறச் சொன்னார்கள். குறுக்கே ஆள் வந்தார். மறுபடி நிற்க வைத்தார்கள். கொஞ்சம் சோகமாகப் பார்க்கச் சொன்னாள் அருணாதேவி. நான்காவது படம் சரியாக வந்தது. ராஜம்மாள் உள்ளே போனபோது மனுவைப் பதிகிறவர்கள் கம்ப்யூட்டரை மூடிவிட்டிருந்தார்கள்.

ராஜம்மாள் வெளியே வந்து சொன்னார்: "பரவால்ல பாப்பா. படம் நல்லா வந்துச்சா?"

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். அடுத்த திங்கட்கிழமை நடவு வேலை இருப்பதால் வர முடியாது என்றும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

அந்தப் படத்துக்குத்தான் சிந்துஜாவுக்கு அறக்கட்டளையின் உதவித்தொகை கிடைத்தது. விழா மேடையின் பின்னால் ராஜம்மாளின் முகம் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. சிந்துஜாவைப் பேச அழைத்தார்கள்.

"இந்தப் படம் எடுத்த அன்னிக்கு இவங்க மனு உள்ள போவல. நாலு வாட்டி நிக்க வெச்சுப் படம் எடுத்தேன். அதுக்குள்ள மூடிட்டாங்க. இதுக்குப் பரிசு குடுக்கறீங்க" என்றாள்.

கைதட்டல் எழுந்தது. இந்த நேர்மைதான் தலைமைப் பண்பின் உச்சம் என்று சகாதேவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். செருப்பால் அடித்திருந்தாலும் அதற்கும் தட்டியிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் சான்றிதழை வேண்டாமென்று சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கூட்டத்தின் மேல் வந்த அருவருப்பில் பாதி அவள் மேலேயே வந்தது.

விமானம் ஏறுவதற்கு முன் வேட்டவலம் போய், நடவு வயலின் வரப்பிலேயே ராஜம்மாளிடம் கைநாட்டு வாங்கி, பெயரைத் திருத்தும் மனுவையும் விதவை உதவித்தொகை மனுவையும் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் அயர்லாந்தில் இருந்தபோது ராஜம்மாளுக்குப் பணம் வரத் தொடங்கியது. சிந்துஜா அங்கே நன்றாகத்தான் படித்தாள். குளிரும் மழையும் அவளுக்குப் பிடித்திருந்தன. திரும்பி வந்து திருவண்ணாமலையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தாள்.

அருண்பிரசாத் இப்போது தலைமைப் பண்புக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறான். தேர்வுக் குழுவிலும் இருக்கிறான். பழைய மாணவி என்று சிந்துஜாவையும் ஒருமுறை குழுவில் உட்கார வைத்தார்கள். முதலில் வந்த பையன் முதியோர் இல்லத்தில் சோறு ஊட்டும் ஆல்பத்தைப் பிரித்தான்.

"இந்த அம்மா பேரு என்னப்பா?"

அவனுக்குத் தெரியவில்லை. அவள் பூஜ்யம் போட்டாள். சகாதேவன் மற்றவர்களின் மதிப்பெண்ணோடு சேர்த்துச் சராசரி எடுத்தார். பையன் முதலிடத்தில் வந்தான்.

அடுத்த வருடமும் குழுவுக்கு அழைத்தார்கள். கூட்டம் திங்கட்கிழமை என்றார்கள். அன்றைக்கு வேலை இருக்கிறது என்று சிந்துஜா போனை வைத்துவிட்டாள்.