ரெஜினா அக்காவுக்கு எந்தக் குரல்?

சைகை மொழிபெயர்ப்பு என்பது அடுத்தவர் திட்டை நம் வாயால் திட்டி, பதில் திட்டையும் நாமே வாங்கிக்கொள்ளும் உத்தியோகம். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் "சாப்பாடு ரெடியான்னு கேளு", "ரெடின்னு சொல்லு" என்று அலைந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம செட்டுதான்.

எனக்கு வயது பத்தொன்பது. அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. அதனால் எனக்குக் கை முதலில் பேசியது, வாய் அப்புறம். லேட்டாக வந்த வாய் சும்மா இருக்காது. சர்ச் ஃபாதர், ஷேர் ஆட்டோ டிரைவர், யார் குரலையும் எடுத்துவிடும். திருவொற்றியூரில் கிரேன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ரெஜினா அக்கா டிசைன் இன்ஜினியர். ராயபுரத்துக்காரர், காது கேளாதவர். மீட்டிங்கில் அவருக்கு நான்தான் வாய்.

எனக்குக் குழந்தை பிறந்த கதை

இந்தத் தொழிலில் "அவங்க சொல்றாங்க" என்று ஆரம்பிக்கக் கூடாது. அக்கா "நான்" என்றால் நானும் "நான்". சாத்தாங்காட்டிலிருந்து இரும்பு சப்ளை செய்யும் அண்ணாச்சி, "போன வருசம் ஒங்களைக் காணவே இல்லையே?" என்றார். அக்கா கையசைத்தார். நான் கணீரென்று சொன்னேன்: "எனக்குக் குழந்தை பிறந்துச்சு. லீவுல இருந்தேன்."

அண்ணாச்சி அக்காவைப் பார்க்கவில்லை. அரும்பு மீசையோடு உட்கார்ந்திருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சுகப்பிரசவந்தானா தம்பி?"

சாரின் பெயர்

காது கேளாதவர்கள் ஒவ்வொரு முறையும் பெயரை விரலால் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளின் பழக்கம் எதுவோ, பெரும்பாலும் அதுவே பெயர். எங்கள் மேனேஜர் வாய் திறக்குமுன் பேண்ட்டை இரண்டு கையாலும் மேலே இழுப்பார். அதுவே அவர் பெயர் ஆகிவிட்டது. ஆக, ஒவ்வொரு மீட்டிங்கிலும் சார் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். ஒருநாள் அவரே, "உங்க பாஷையில என் பேர் எப்படி?" என்று கேட்டார். அக்கா கொஞ்சமும் கூசாமல் செய்து காட்டினார். சாருக்கு ஒரே பூரிப்பு.

"பேர்லயே ஒரு கம்பீரம் தெரியுது, இல்ல?"

சொல்லாதே என்றால்

டிசைன் செக்‌ஷன் ஹெட் இடம் காலியானது. அனுபவத்தில் அக்காதான் அங்கே மூத்தவர். அந்த இடம் தனக்கு வேண்டும் என்று கேட்டும் வைத்திருந்தார். அடுத்த மீட்டிங்கில் சார் என் காதருகே சாய்ந்தார். "இதை அவங்ககிட்ட சொல்லாதே. வேலையில அவங்களை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா ஹெட்டுன்னா அதட்டணும்ப்பா. அவங்களுக்குக் குரலே இல்லையே!"

அறையில் எது பேசினாலும் கைக்குப் போக வேண்டும் என்பது தொழில் விதி. என் கை "இதை அவங்ககிட்ட சொல்லாதே"யிலிருந்தே ஆரம்பித்துவிட்டது. அக்கா கடைசிவரை பார்த்துவிட்டுப் பதில் காட்டினார். அதையும் நான்தானே சொல்ல வேண்டும்?

"சொல்லிட்டான் சார்."

கேன்டீன் தேர்வு

இன்டர்வியூவுக்கு முன்தினம் அக்கா கேன்டீனில் என்னை உட்காரவைத்து, "நாளைக்கு எனக்கு எந்தக் குரல் போடப் போறே?" என்றார். சரக்கை இறக்கினேன். அக்காவுக்குக் கேட்காது, பக்கத்து மேஜை முகங்களைப் பார்த்து மார்க் போட்டார். ரயில் வருகையை அறிவிக்கும் அம்மா குரலுக்கு ஒரு கொட்டாவி கிடைத்தது. மேடைப் பேச்சாளருக்குச் சிரித்தார்கள். கடைசியில் மேனேஜர் குரலை எடுத்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த கிரேன் ஆபரேட்டர் சேகர் அண்ணன் விறைத்து எழுந்து நின்றார். அக்கா மேஜையைத் தட்டினார்: அதுதான்!

சேகர் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

"டேய் கஸ்மாலம், உன்னால டீய மேல ஊத்திக்கினேன்டா!"

இன்டர்வியூ

ஹெட் ஆபீஸிலிருந்து இரண்டு டைரக்டர்கள் வந்திருந்தார்கள், கூடவே நம் மேனேஜர். அக்கா என் கையைப் பார்க்க வேண்டுமே, அதனால் நான் அவர்கள் வரிசையிலேயே, மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "புரொடக்‌ஷன் அவசரம்னு தப்பு டிராயிங்ல கையெழுத்துக் கேட்டா?" என்றார் ஒரு டைரக்டர். அக்காவின் கை காற்றை வெட்டியது, மேனேஜரின் குரலில் நான் அதட்டினேன்: "போட மாட்டேன்! ஹூக் விட்டுச்சுன்னா கீழ நிக்கிறது மனுஷன். அவசரம்னு அவன் தலையில எழுதி ஒட்டியிருக்கா?"

டைரக்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மேனேஜர் தன்னை மறந்து எழுந்து, பேண்ட்டை இழுத்துவிட்டு, "கரெக்ட்!" என்றார். இடம் அக்காவுக்குத்தான். வெளியே வந்ததும் சார் என் தோளில் கைபோட்டார்.

"என்னமோ தெரியலப்பா, அவங்க பேசினா நானே பேசுற மாதிரி இருக்கு."

கேரம் லீவு

ஹெட் ஆனதும் அக்கா என்னைத் தன் செக்‌ஷனிலேயே நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டார். காசிமேட்டில் கேரம் போட்டி. வெள்ளிக்கிழமை லீவு கேட்டேன். அக்கா எழுந்தார். சுடிதாருக்கு மேல், இல்லாத பேண்ட்டை இரண்டு கையாலும் மேலே இழுத்தார். முகம் அப்படியே சார். கை மட்டும் அக்கா.

"முடியாது தம்பி. அன்னைக்கு சப்ளையருங்களை அதட்டணும். நீ இல்லாம எப்படி அதட்டுவேன்?"

ஊரார் குரலையெல்லாம் எடுக்கத் தெரிந்த எனக்கு, அந்த முகத்துக்கு முன்னால் சொந்தக் குரல்கூட வரவில்லை என்பதுதான் இந்த உத்தியோகத்தில் நான் கண்ட பலன்.