திரைக்குள் ஒரு சிவப்புக் கோடு

"தொற!"

ஹெப்சிபா கண்ணைத் திறக்கிறார்.

"மூடு!"

மூடிக்கொள்கிறார். நடுவில் ஒரே நொடி. "உயரம் நாலாயிரத்து எறநூறு. வேகம் எறநூத்தி அறுவது. ஆயில் பிரஷர் எறங்குது. இஞ்சின் செத்த நேரந்தான் தாங்கும்." கணினித் திரையில் அசையாமல் நிறுத்திவைத்திருக்கும் போர் விமானத்தின் காக்பிட்டை, கணவர் ஆல்வின் குனிந்து ஒவ்வொரு முள்ளாகச் சரிபார்க்கிறார். அத்தனையும் சரி. "எப்பிடிட்டி!" என்று வழக்கம்போல வாயைப் பிளக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, கறிச்சோறு சாப்பிட்ட கை காய்வதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வீட்டில் நடக்கிற கூத்து இது.

விமானச் சண்டை விளையாட்டில் எத்தனை எதிரியைச் சுட்டோம் என்றுதான் ஊர் உலகம் பார்க்கும். ஹெப்சிபா பார்ப்பது விமானிக்கு எதிரே இருக்கும் வட்ட வட்டக் கேஜ்களை. எண் தெரிகிறதா, முள் பின்னணியில் கரைந்துபோகிறதா, வெயில் பட்டால் கூசுகிறதா என்பதெல்லாம்தான் அவர் கவலை. "சண்டையில ஒன்னைய ரெண்டாந்தடவ பாக்க விடுவானா எவனாச்சும்?" என்பார். அதற்காகத்தான் அந்த ஒரு நொடிக் கணக்கு. ஒவ்வொரு விளையாட்டையும் இப்படிச் சோதித்து, மற்றவற்றோடு ஒப்பிட்டு, இணையக் குழுவில் எழுதுவார். அங்கே அவர் பெயர் 'கேஜ் அக்கா'. கேஜ் அக்கா எழுதிய பிறகு வாங்கலாம் என்று காத்திருக்கிற கூட்டமே உண்டு.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பத்தொன்பது வருடமாக அவர் வேலையே பிரஷர் கேஜ்களைச் சோதித்துச் சரிசெய்வதுதான். கம்பிரசர் அறையில் அவற்றைக் கோணல்மாணலாகத் திருப்பி மாட்டியிருப்பார். புதிதாகப் பார்ப்பவருக்கு அரைகுறை வேலை மாதிரித் தோன்றும். ஆனால் அப்படித் திருப்பியதால்தான், இயந்திரம் நன்றாக ஓடும்போது அத்தனை முள்ளும் நேர் மேலே நிற்கும். ஒன்று சாய்ந்தாலும் நடந்துபோகிறவர் கண்ணில் குத்தும். ஆல்வின் கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பேருந்து ஓட்டுபவர். மாணவர்கள் கொடுத்தார்கள் என்று ஒருநாள் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து போட்டார். அதில் ஒரு பழைய விமானத்தின் கேஜ்கள் அதே மாதிரி திருப்பி மாட்டப்பட்டிருந்தன. "ஏங்க, நம்ம மில்லு மாதிரியே மாட்டிருக்கானுவளே!" என்று கூவிய ஹெப்சிபா, அன்று பிடித்த கிறுக்கை இன்னும் விடவில்லை.

போன மாதம் புதிதாக ஒன்று வந்தது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. கேஜ் விளிம்பில் தூசி, கீறல், கண்ணாடியில் நகர்ந்துபோகும் மேகம். ஆனால், "தொற, மூடு" என்றதும் ஹெப்சிபா தடுமாறினார். உயரம் இரண்டாயிரமா, மூவாயிரமா? மூன்று தடவையும் தப்பு. "சீவிச் சிங்காரிச்சு என்ன செய்ய? வாசிக்கவே முடியல!" என்று விளாசி எழுதினார்.

அனுப்பும் முன் ஒரு வழக்கம் உண்டு. மில்லில் கழித்துப்போட்ட பித்தளைக் கேஜ் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில், அதே தூரத்தில் வைத்துப் பார்ப்பார். மூடி கழன்ற அதன் முள்ளை ஆல்வின் விரலால் எங்கேயாவது நகர்த்திவைப்பார். அன்று அதையும் ஹெப்சிபா தப்பாகச் சொன்னார்.

மில்லில் டியூப்லைட் மங்கல் என்று சண்டைபோட்டு இரண்டு தடவை மாற்றவைத்தது ஹெப்சிபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே ஜனவரிதோறும் கண் சோதனை. தேறாவிட்டால் ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு நட்டும் போல்ட்டும் எடுத்துக்கொடுக்கிற வேலைதான். "மூக்குக்கண்ணாடி போட்டா போற கோளாறா, கண்ணையே கொண்டுபோற கோளாறான்னு தெரியலியே," என்றார். அந்தக் குரலில் பயம் இருந்தது. எழுதியதை அனுப்பவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு, ஆல்வினோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"வயசுக்கு வர்ற வெள்ளெழுத்துதாம்மா. மூக்குக்கண்ணாடி போட்டா சரியாப்போகும்," என்றார் கண் மருத்துவர். ஹெப்சிபாவுக்கு அழுகை வந்துவிட்டது. சொட்டுமருந்து எரிகிறது என்று ஆல்வினிடம் சமாளித்தார்.

அடுத்த ஞாயிறு, மூக்குக்கண்ணாடியோடு புது காக்பிட்டின் முன் உட்கார்ந்தார். "தொற!" ஒரே பார்வை. "மூவாயிரத்து நூறு." சரி. ஆல்வின் "மூடு" என்றார். மூடவில்லை. "மூடுட்டி" என்றார். அப்போதும் மூடவில்லை.

கேஜைப் பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் பலகைக்கு இறங்குகிற, மயிரிழைபோல ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு. திருகாணியை யாராவது திருகியிருந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். மில்லில் ஒவ்வொரு கேஜையும் முடுக்கிய பிறகு அவர் இழுக்கிற அதே கோடு. பத்தொன்பது வருடத்தில் அது என்னவென்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

"எந்த ஊர்க்காரனோ, இத வரைஞ்சிருக்கான் பாருங்க," என்றார் மெதுவாக. "எம்புட்டு பாத்திருந்தா இதையும் வரைவான்!"

விளாசி எழுதியதை முழுவதும் அழித்தார். பிறகு, மில்லில் பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதைப்போலவே, சுண்டுவிரலை நீட்டித் திரையில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பட்டும் படாமல் தொட்டு, விரலைத் திருப்பி நுனியைப் பார்த்தார்.