எங்கள் ஊர் கரண்டுக்கு ஏற்ற லினக்ஸ்

விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளும் லினக்ஸில் பல வகை. எது நல்லது என்று கேட்டால் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இன்றைக்கும் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நான் அந்தச் சண்டைக்குப் போவதில்லை. உத்திரமேரூரில், ஒரு லைன்மேன் வீட்டில், சுவர் சுவிட்சை அணைத்து அணைத்தே என் லினக்ஸை நான் தேர்ந்தெடுத்தேன். அது தப்பான முறை என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் வீட்டிலெல்லாம் பகல் முழுக்கக் கரண்ட் இருந்தது.

கம்ப்யூட்டர் அண்ணன் வாங்கியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குச் சேர்ந்த புதிதில், செங்கல்பட்டில் ஒரு கடையில் அசெம்பிள் செய்து கொண்டுவந்து வைத்தான். நான் அப்போது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள் என்றால் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அந்த அர்த்தம் எனக்குப் பிடிக்கவில்லை. தெருவில் பிளஸ் டூ படிக்கும் நான்கு பெண்களைப் பிடித்து, சாயங்காலம் வாருங்கள், புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன் என்றேன். வந்தார்கள். அதுவரை ஊருக்கு நான் லைன்மேன் பொண்ணு. அந்த நான்கு பேருக்கு மட்டும் மிஸ். அந்த ஒரு வார்த்தைக்காக நான் யாரோடும் மல்லுக்கு நிற்கத் தயாராக இருந்தேன்.

கம்ப்யூட்டருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, அண்ணன் சினிமாப் பாட்டு ஏற்றிக்கொண்டு வரும் பென் டிரைவ். அதில் பாட்டோடு வைரஸும் வரும். அவன் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடுவான், செவ்வாய்க்கிழமை விண்டோஸ் படுத்துவிடும். கடைக்காரர் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடுவார். பெண்கள் எழுதி வைத்ததெல்லாம் போய்விடும். பழி என் தலையில் விழும்.

இன்னொரு எதிரி அப்பாவின் கரண்ட். மரக்கிளை உரசினாலும் நிறுத்துவார், டிரான்ஸ்பார்மரில் வேலை என்றாலும் நிறுத்துவார். நிறுத்துவதற்கு முன் வீட்டுக்கு ஒரு போன் போடேன் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"ஊருக்கே சொல்லாம நிறுத்துறேன். உனக்கு மட்டும் சொன்னா அது இன்னா நாயம்?" என்றார்.

அவர் அப்படித்தான். வீட்டில் யார் சண்டை போட்டாலும் யார் பக்கமும் பேசமாட்டார். சாப்பிட்டுவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எனக்கு அவர் மேல் அந்த வருடம் முழுக்கக் கோபம்.

மூன்றாம் முறை விண்டோஸ் படுத்தபோது அண்ணன் முடிவாகச் சொன்னான். "இன்னொரு வாட்டி பூடுச்சுன்னா தூக்கிக்கினு போயிடுவேன். என் ரூம்ல வச்சா நாலு பேரு படமாவது பாப்பாங்க. இங்க சும்மா தானே கீது?"

சும்மாவா? நான்கு பெண்கள் ஒரு நாற்காலியில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது அவன் கண்ணில் சும்மா. அன்றைக்கே முடிவு செய்தேன். அவன் பென் டிரைவ் தொட முடியாத ஒன்றை இதில் போடப்போகிறேன்.

கல்லூரியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி ஏனாத்தூரில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். பஜார் தெருவில் அவள் வாப்பாவுக்கு ஃபேன்ஸி ஸ்டோர். வார விடுமுறைக்கு வரும்போது லினக்ஸ் சிடிக்களைக் காப்பி செய்து கொண்டுவந்தாள். மூன்று விதமான லினக்ஸ். பெயர்கள் வாயில் நுழையாததால் படத்தை வைத்தே அடையாளம் சொன்னோம்: தொப்பி, பச்சோந்தி, சுருள்.

"இதுல எதுடி நல்லது?" என்றேன்.

"அதுக்குத்தான் ஹாஸ்டல்ல டெய்லி அடிச்சிக்கிறாளுங்க. உங்க ஊரு ஸ்டைல்ல பேரு எழுதிக் கொடத்துல போட்டு எடு" என்றாள். எங்கள் ஊர்க் கல்வெட்டுக் குடவோலையை வைத்து வெளியூர்க்காரர்கள் செய்யும் கேலி அது. அவளும் உத்திரமேரூர்தான் என்பது அவளுக்கு அவ்வப்போது மறந்துபோகும்.

முதலில் அழகைப் பார்த்து மயங்கி பச்சோந்தியைப் போட்டேன். பச்சைப் பசேலென்று திரை. பெண்கள் ஐகானை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வைரஸ் இல்லை, அண்ணன் பென் டிரைவை என்ன ஆட்டினாலும் அசையவில்லை. ஒரு வாரம் ராணி மாதிரி இருந்தேன். அப்புறம் ஒரு சாயங்காலம் அப்பா கரண்டை நிறுத்தினார். திரும்ப வந்தபோது கம்ப்யூட்டர் என்னவோ சட்டென்று எழுந்துவிட்டது. ஆனால் கரண்ட் போவதற்குச் சற்று முன்பு ஒரு பெண் எழுதி சேமித்த புரோகிராமைத் திறந்தால், பாதிக்குக் கீழே படிக்கவே முடியாத குப்பை.

"நான் இத அடிக்கவேயில்ல மிஸ்" என்று அவள் அழுதாள். அவள் தப்பு என்று நான் நினைத்துவிடுவேனோ என்ற பயம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழவே எழாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, நல்லபிள்ளை மாதிரி எழுந்து வந்து உள்ளே குப்பையை வைத்திருக்கிறது.

அந்த ஆத்திரத்தில்தான் யோசனை வந்தது. கரண்ட் எப்போது போகும் என்று நான் ஏன் காத்திருக்க வேண்டும்? நானே பிடுங்கிவிடுகிறேன். ஒரு பக்கம் அடிப்பது, சேமிப்பது, சுவர் சுவிட்சைப் பட்டென்று அணைப்பது. மறுபடி போட்டு, எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று பார்ப்பது. எது தாங்குகிறதோ அதுதான் என்னுடையது.

சுவிட்ச் சத்தம் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "இந்த வூட்ல கரண்ட் புடுங்க ஒருத்தர் போதாதா?"

தோழிக்கு இன்னும் கோபம். "யாராவது இப்டி செலக்ட் பண்ணுவாங்களாடி? நெட்ல அவ்ளோ பேரு ரிவ்யூ எழுதிகீறான். அதப் படிக்காம சும்மா பேஜார் பண்ற. ஹார்ட் டிஸ்க்கு பூடும்."

"ரிவ்யூ எழுதுனவன் வூட்ல அவங்கப்பா லைன்மேனா?" என்றேன்.

இரண்டாவதாகத் தொப்பி. அது ஒன்றையும் தொலைக்கவில்லை. ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த மெமரி அதற்குப் போதவில்லை. ஒவ்வொரு முறையும் அது எழுந்து உட்கார்வதற்குள் உலை வைத்து சோறு வடித்துவிடலாம். வாசலில் பெண்கள் காத்துக்கொண்டிருக்கும்போது அது ஆகாது.

கடைசியில் சுருள். பார்க்க அவலட்சணம். நீலத் திரையில் வெறும் எழுத்தாக என்னென்னவோ கேள்வி கேட்டது. டிஸ்கை எப்படிப் பிரிக்கட்டும், என்னென்ன வேண்டும், வேண்டாம். அதுவரை அந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தில் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை, அதனால் அந்தக் கேள்விகள் எனக்குப் பிடித்தே இருந்தன. போட்டு முடித்தபோது பாட்டுச் சத்தம் வரவில்லை. மோடம் வேலை செய்யவில்லை. சினிமா ஓடவில்லை. சுவிட்சை அணைத்தேன், போட்டேன். எழுந்தது. எழுதியது இருந்தது. மறுபடி, மறுபடி, கை வலிக்கும் வரை. ஒவ்வொரு முறையும் எழுந்தது. மானிட்டரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன், அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, விஷயம் லினக்ஸில் இல்லை, டிஸ்கில் எழுதும் முறையில் இருந்தது. பச்சோந்தியிலேயே அந்த முறையை மாற்றிக்கொண்டிருக்கலாமாம். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அன்றைக்கு அதைச் சொல்லித்தர எங்கள் தெருவில் யாரும் இல்லை, என் சுவிட்ச் மட்டும்தான் இருந்தது.

அம்மா போனில் அண்ணனிடம் சொல்லிவிட்டாள், நான் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் பாழ் பண்ணுகிறேன் என்று. ஞாயிற்றுக்கிழமை அவன் மினி வேனோடு வந்தான். டிரைவர் வாசலிலேயே வண்டியை நிறுத்தி, பின் கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றார். அப்பா கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பூடுச்சா?" என்றான் அண்ணன்.

"பூடல. நீயே பாரு" என்று சுவிட்சைக் காட்டினேன்.

அவன் நம்பவில்லை. ஓடிக்கொண்டிருந்ததை அணைத்தான். போட்டான். எழுந்தது. இன்னொரு முறை, கொஞ்சம் வீம்பாகவே அணைத்தான். எழுந்தது. பெண்களின் புரோகிராம்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். அவன் முகம் மாறியது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"நல்லாத்தான் ஓடுது. அப்போ என் ரூம்லயும் நல்லா ஓடும்" என்று சொல்லிவிட்டு, குனிந்து பவர் கார்டைப் பிடுங்கினான்.

படுத்தால் தூக்கிக்கொண்டு போவேன் என்றவன், படுக்காவிட்டாலும் தூக்கிக்கொண்டு போகிறான். அப்படியென்றால் இத்தனை நாள் நான் எதற்கு நிரூபித்துக்கொண்டிருந்தேன், யாருக்கு?

"காசு போட்டது நானு" என்றான், நான் கேட்காமலே.

"ஆமா, நீதான். பொட்டி உன்னுது, எடுத்துக்கோ. ஆனா உள்ள கீறது என்னுது. அத அழிச்சிட்டுத்தான் குடுப்பேன். நீ வாங்கியாந்தப்ப எப்டி இருந்துச்சோ அப்டியே வெறும் பொட்டியா தூக்கிக்கினு போ. நாளைக்கு சாயங்காலம் நாலு பொண்ணுங்க வருவாங்க. அதுங்களுக்கு நீ வாசல்ல நின்னு பதில் சொல்லிட்டுப் போ."

என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். அண்ணன் பவர் கார்டோடு நின்றான். அம்மா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

அப்பா பாதிச் சோற்றில் எழுந்தார். கை கழுவினார். வழக்கம்போல வேலைக்குக் கிளம்புகிறார் என்று நினைத்தேன். அவர் ஏணியை எடுக்கவில்லை. நேராக வாசலுக்குப் போய் வேனின் பின் கதவைச் சாத்தினார்.

"ஏத்தறதுக்கு ஒண்ணும் இல்ல நைனா. நீ கெளம்பு" என்று டிரைவரிடம் சொல்வது உள்ளே கேட்டது.

வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. நான் அண்ணனிடம் கையை நீட்டினேன். அவன் பவர் கார்டைக் கொடுத்தான்.