அணைத்த பிறகும் மினுங்கிய பல்பு

கரண்ட் வேலை செய்பவனுக்கு ஷாக் அடிக்காதா என்று கேட்பார்கள். அடிக்கும், ஆனால் ஒயரில் வாங்கியதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன்; ஆட்களிடம் வாங்கியதுதான் மறக்கவில்லை. வெண்ணந்தூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய், குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டச் சொன்னவன் நான். "என்ன கொறைன்னாலும் எங்கிட்ட வாங்க, எம் பேருக்கு நான் பொறுப்பு" என்று வாய் வேறு விட்டிருந்தேன். வந்தார்கள். உங்கள் வீட்டிலும் எல்.இ.டி. எரிந்தால் நீங்களும் என் கட்சிதான், கேளுங்கள்.

பூக்காத பாத்தி

தோட்டத்துப் பாதையில் பாம்பு நடமாட்டம் என்று மனு மேல் மனு கொடுத்துத் தெருவிளக்கு வாங்கியவர், சாமந்தி போட்டிருந்த செங்கோடன். மாட்டியது நான். பூப் பறிக்கும் சமயம் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். வயலெல்லாம் மஞ்சள், விளக்குக் கம்பத்தை ஒட்டிய நாலு பாத்தி மட்டும் ஒரு மொட்டுகூட இல்லாமல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமந்தி பூக்க ராத்திரி நல்ல இருட்டு வேண்டுமாம், விவரம் தெரிந்தவர்கள் பிறகு சொன்னார்கள். விளக்குக்குத் தகரம் அடித்து வெளிச்சத்தைப் பாதைப் பக்கம் மட்டும் விழ வைத்தேன். கீழே நின்று பார்த்த செங்கோடன் சொன்னார்: "ஏனுங்க, பாம்பு கடிச்சிருந்தா நான் ஒருத்தன்தானுங்க போயிருப்பேன். இப்ப நாலு பாத்தியில்ல போச்சு!"

பட்டறையில் ஒரு நிறம்

தறிப்பட்டறைக்காரர் சுப்பிரமணிக்குப் பாதிச் சேலையில் நூல் தீர்ந்துவிட்டது. நான் மாட்டிய வெள்ளை எல்.இ.டி. டியூப் வெளிச்சத்தில் புது நூலைப் பழையதோடு ஒட்டிப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுதானுங்களே?" என்றார். நானும் தலையாட்டினேன். நெய்து முடித்து வெயிலில் விரித்தால் பாதி அரக்கு, பாதி பாக்கு நிறம்.  சேலையை மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "ராத்திரிக்கு மட்டும் கட்டுங்கன்னு சீட்டு ஒட்டித்தானுங்க இத விக்கோணும்."

வெள்ளிக்கிழமைத் துணி

போன மாசம் ஒரு வீட்டு மருமகப்பெண் செல்வி கூப்பிட்டார். "ஏனுங்கண்ணா, பாத்ரூம் பல்பு அணைச்சாலும் மினுக்கு மினுக்குன்னு எரியுதுங்க. பேயின்னு எங்க ஊட்டுல ஒருத்தரும் குளிக்கப் போறதில்லீங்க." சிரித்துக்கொண்டே போனேன். சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரில் டெஸ்டரை வைத்தேன். டெஸ்டரின் விளக்கு எரிந்தது. மெயினை அணைத்துவிட்டு சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன்.

சுவிட்ச், கரண்ட் வருகிற ஒயரைத் துண்டிக்க வேண்டும். இங்கே திரும்பிப் போகிற ஒயரில் சுவிட்சைப் போட்டிருந்தார்கள். அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். குண்டு பல்பு இதை வெளியே காட்டாது. துளிக் கசிவுக்கே மினுங்கும் எல்.இ.டி. காட்டிக் கொடுத்துவிட்டது. பல்பைத் துடைப்பதுண்டா என்று கேட்டேன். "வெள்ளிக்கெழமையானா சுவிட்ச அணைச்சுப்போட்டு ஈரத் துணியில தொடைப்பனுங்க, ஹோல்டரோட சேத்து" என்றார். 

அவர் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்னால், தொழிலுக்கு வந்த புதிதில், அங்கே ஒயரிங் செய்தவன் நான்தான். சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம், பேர் மிஞ்சியிருக்கும். கொடியில் அந்தத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அது என் வேலைதான் என்று சொல்லிவிட்டேன். திட்டட்டும் என்று நின்றேன், திட்டவில்லை. "அண்ணா, அப்பத்திக்கி இன்னும் எத்தன ஊட்டுக்கு ஒயரிங் பண்ணுனீங்க?" என்று கேட்டார்.

இப்போது யாரும் கூப்பிடாமலே அந்த வீடுகளுக்கெல்லாம் போய் சுவிட்சுகளைத் திறந்துகொண்டிருக்கிறேன், ஏனென்றால் புது விளக்கில் குறை சொல்லி வந்தவர்களைவிட, பழைய விளக்கில் ஒரு குறையும் சொல்லாமல் இருந்தவர்களை நினைத்தால்தான் எனக்குக் குலை நடுங்குகிறது.