பழைய கர்னலுக்கு நான் கொடுத்த நற்சான்று

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் உங்களுக்கு வீண் பெருமை வந்துவிடும். நாலு நாள், காலையும் மாலையும், ஒரு பெட்டியைப் போட்டும் அணைத்தும் பார்த்து, உள்ளே ஓடுவது புதிய கர்னல் (பட்டாளத்துக்காரர் இல்லை, ஒரு நிரல்) என்று நம்பி, "சோதித்தேன், நன்றாக ஓடுகிறது" என்று என் பேரைப் போட்டுக் கொடுத்தேன். ஓடியது போன வருஷத்துக் கர்னல். ஏற்கெனவே எல்லோரும் பாராட்டி முடித்த சரக்கை நான் புதிதாகப் பாராட்டியிருக்கிறேன்.

இதோடு நின்றிருந்தால் சாதாரண முட்டாள்தனம். ஓடுவது பழையது என்று அந்தப் பெட்டி ஒவ்வொரு முறையும் திரையில் எழுதிக் காட்டியது. அதைப் படித்துவிட்டு நான் பெட்டிக்கு பேட்டரி மாற்றினேன். இரண்டு தடவை.

எங்கள் கம்பெனி அடையாறில், ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில் இருக்கிறது. கடைகளில் பில் போடும் பெட்டிகள் செய்கிறோம். பெட்டியின் அடிவயிற்றில் இருந்துகொண்டு மற்ற எல்லா நிரல்களையும் வேலை வாங்குவது கர்னல். அந்தக் கர்னலில் மற்றவர்கள் எழுதிய நிரலைப் படித்து, இது சரி, இது சரியில்லை என்று சொல்வது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். பெரும்பாலும் மயிலாப்பூரில் வீட்டிலேயே உட்கார்ந்து. கீழே மெட்ரோவுக்காகத் தோண்டும் இயந்திரத்தின் அதிர்வில் மேஜை மேல் இருக்கும் காபியில் வட்டம் வட்டமாக அலை எழும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது நிரலைப் படிப்பதைவிட சுவாரசியமாக இருக்கிறது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இது தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை. தூங்கி எழுந்ததும் பல் தேய்க்கும்போது பக்கத்தில் வந்து நிற்கிற அலுப்பு.

பெட்டியில் சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒரு குட்டிக் கர்னல் எழுந்திருக்கும். பெரிய கர்னல் ஒரு கோப்பாக, இமேஜ் என்று நாங்கள் சொல்வது, உள்ளே இருக்கும் கார்டில் படுத்துக் கிடக்கும். குட்டி அதை எடுத்து, ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து, நினைவகத்தில் ஏற்றி, பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் காணாமல் போய்விடும். கார்டில் இரண்டு இமேஜ்கள் உண்டு: புதியது ஒன்று, ஆபத்துக்கு உதவப் பழையது ஒன்று. புதியதில் கோளாறு என்றால் குட்டி பழையதை ஏற்றிவிடும். கடை திறந்திருக்கும் நேரத்தில் பெட்டி கறுப்புத் திரையோடு நிற்கக் கூடாது பாருங்கள்.

இமேஜைச் சரிபார்த்து ஏற்றும் அந்தப் பகுதியைப் புதிதாக எழுதியவர் ஒரு பெண்மணி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, எட்டு வருஷம் நிரல் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் கடையில் நின்றவர். எங்களிடம் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தார். இந்த வேலை இந்த முறை வெளியீட்டில் சேர்ந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது, மறுபடி ஜவுளிக்கடை. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மேனேஜர்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் முடிவெடுப்பார்களாம், அதற்குள் நான் படித்து முடித்தால் புண்ணியமாகப் போகும் என்றார்.

நான் படித்த அழகையும் சொல்கிறேன். முதல் பதிப்புக்குப் பதினொரு குறிப்புகள் எழுதினேன். அதில் எட்டு, இடைவெளி பற்றியும் வரி நீளம் பற்றியும். இரண்டாவதில், நீளத்தைக் குறித்துவைக்கும் ஒரு மாறிக்கு அவர் வைத்த பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதில் அவர் வைத்த புதுப் பெயர் பிடிக்கவில்லை, பழையதே தேவலை என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவர் மறுநாள் காலைக்குள் திருத்தி அனுப்பிவிடுவார். ஒரு முறைகூட முகம் சுளித்து ஒரு வரி எழுதியதில்லை. ஆறாவது பதிப்பு வந்தபோது குறை சொல்ல எனக்கு எதுவும் மிச்சமில்லை. சரி, ஓட்டியாவது பார்ப்போம் என்று ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஓடியது. சுவிட்சைப் போட்டதும் எழுந்து, பில் திரை வந்து நின்றது. எழும்போது ஓடும் எழுத்துகளுக்கு நடுவே, இந்தக் கர்னல் செய்யப்பட்ட நாள் என்று ஒரு வரி வரும். அதில் போன வருஷத்துத் தேதி இருந்தது. உள்ளே கடிகாரத்துக்கான பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று முடிவு செய்தேன். தெற்கு மாட வீதியில் ஒரு வாட்ச் கடையில் சனிக்கிழமை ஒன்று வாங்கிப் போட்டேன். தேதி மாறவில்லை. திங்கட்கிழமை, போலி பேட்டரி கொடுத்துவிட்டார் என்று கடைக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டே இன்னொன்று வாங்கினேன். அன்று சாயங்காலமே என் பேரைப் போட்டு நற்சான்றும் அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை, திருப்பிக் கொடுக்கும் முன் பெட்டியைச் சரிசெய்துவிடலாம் என்று, அதையே ஒரு மஞ்சள் பையில் போட்டு வாட்ச் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றினார்.

"இன்னா சார், மூணாவது வாட்டி வர்றே. பேட்டரிய துன்னுதா இந்தப் பொட்டி?"

பேட்டரியைக் கழற்றி மீட்டரில் வைத்துப் பார்த்தார். முழுதாக இருந்தது. பிளக்கில் சொருகச் சொன்னார். பெட்டி எழுந்ததும் நான் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் திரையின் மூலையைப் பார்த்தார்.

"மேல டைம் கரெக்டா ஓடுது. தேதியும் இன்னிக்கித் தேதிதான் கீது. நீ காட்டுறது எப்போ எழுதுனது சார்?"

கர்னலைச் செய்தபோது எழுதியது என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கியது எனக்கே கேட்டது.

"செஞ்சப்போ எழுதுனதுக்கும் பேட்டரிக்கும் இன்னா சம்மந்தம்? டயல்ல கம்பெனி பேரு தப்பா கீதுன்னு சாவி குடுக்க சொல்றா மாரி கீதே." லென்ஸை மறுபடி மாட்டிக்கொண்டார். "பேட்டரி நல்லாத்தான் கீது. வேற யாருக்கோதான் தீந்துபூட்சு."

கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். நேர்வழி மூன்று நிமிஷம். சுற்றினால் பதினைந்து. வீட்டுக்குப் போய்விட்டால் உண்மை தெரிந்துவிடும் என்பதால் சுற்றினேன்.

வீட்டில் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு இமேஜின் தலைப்பிலும் அதன் நீளம் எழுதியிருக்கும். இந்த வருஷத்திலிருந்து நாங்கள் இமேஜைச் சுருக்கிக் கட்டுகிறோம். தலைப்பில் இருப்பது விரித்த பிறகு வரும் நீளம். அவருடைய நிரல் அதைச் சுருங்கிக் கிடக்கும் கோப்பின் நீளத்தோடு ஒப்பிட்டு, குறைகிறதே, பாதி காணோமே என்று நிராகரித்துவிட்டது. பழைய இமேஜ் சுருக்காத காலத்தது. அதற்கு அளவு பொருந்தியது. அவர் தன் மேஜையில் சோதித்ததும் சுருக்காத இமேஜை வைத்துத்தான். அதில் தப்பில்லை, எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கடைக்குப் போகிற மாதிரியே சுருக்கிக் கட்டியதை ஏற்றிப் பார்ப்பதற்குத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நானும் அதைத்தான் ஏற்றினேன். அது ஏறவில்லை என்பதைத்தான் பார்க்கவில்லை.

சரி, நிராகரித்தால் குட்டிக் கர்னல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. பழைய பதிப்புகளைப் புரட்டினேன். நாலாவது வரைக்கும் அந்த வரி இருந்தது. "புதிய இமேஜ் ஏற்கப்படவில்லை, பழையதை ஏற்றுகிறேன்" என்று திரையில் காட்டும் வரி. ஐந்தாவதில் இல்லை. நாலாவதுக்கு நான் எழுதிய குறிப்பைத் தேடிப் படித்தேன். இந்த மாதிரிச் செய்தியைப் பார்த்தால் கடைக்காரர்கள் பயந்துபோவார்கள், கர்னல் குறைவாகப் பேசுவதே அழகு, எடுத்துவிடவும் என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே, இருக்கட்டுமே சார், சோதிக்கும்போது உதவுமே என்று அவர் ஒரு தடவை கேட்டிருந்தார். வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருந்தேன். குறைவாகப் பேசுவதில் அன்று எனக்கு அவ்வளவு ஈடுபாடு.

நற்சான்றைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு கடிதம் தட்டினேன். அழித்தேன். நான் அதை அனுப்பினால் வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் அவர் வேலை வெளியீட்டில் சேராது, அவரும் சேரமாட்டார். அனுப்பாவிட்டால் சேர்ந்துவிடுவார். பெட்டிகள் கடைகளுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, அதற்குள் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம். திருத்த மறந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். எல்லாப் பெட்டிகளும் புதியதை ஒதுக்கிவிட்டுப் பழையதிலேயே ஓடும். இந்த வருஷம் நாங்கள் செய்த திருத்தம் ஒன்றுகூட எந்தக் கடைக்கும் போய்ச் சேராது. ஒருவருக்கும் தெரியவும் தெரியாது. என் மனைவியிடம் சொன்னேன். அவளுக்குக் கர்னல் பற்றி அக்கறையில்லை. அந்தப் பெண்ணிடம் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு இட்லி மாவைக் கரைக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை அந்தப் பெண்மணி விடுப்பு. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்குக் கடையில் ஆள் போதவில்லை என்று மேனேஜரிடம் சொல்லியிருந்தாராம். ஃபோனில் சொல்லத் தைரியம் வராததால் தி. நகருக்கே போனேன். உஸ்மான் சாலையில் நடப்பதற்கு நாம் காலை எடுத்து வைக்க வேண்டியதில்லை, பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கடைக்குள்ளும் அவர்களே தள்ளிவிட்டார்கள்.

வேட்டிப் பகுதியில் நின்று, ஒரு வயதான தம்பதிக்கு வேட்டிகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைக் காட்டினார். ஒரு பணியாள் மோர் கொண்டுவந்து கொடுத்து, பட்டா, காட்டனா சார் என்றான். தம்பதி எட்டு முழத்தில் ஒன்று எடுத்துக்கொண்டு போனதும், அவர் விரித்தவற்றை மடிக்க ஆரம்பித்தார்.

வரும் வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன். அதில் இரண்டு ஜோக்குகள்கூட இருந்தன. வாட்ச் கடைக் கதையில் ஆரம்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. பழையதுதான் ஏறியது என்று நான் சொன்ன இடத்திலேயே கை நின்றுவிட்டது. நீளம் என்றேன், சுருக்கியது என்றேன், மீதியை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையில் இருந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மடிச்ச வேட்டியை அளந்து எட்டு முழம் இல்லைன்னு திருப்பிட்டேன்."

நானும்தான் பார்க்கவில்லை என்றேன். அது ஆறுதலாக இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. திருத்த எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். ராத்திரிக்குள் எழுதிவிடலாம், எல்லா வகை இமேஜையும் வைத்துச் சோதிக்க இரண்டு நாள் வேண்டும் என்றார். மீட்டிங் நாளைக்கு. கல்லாவிலிருந்து அவர் மாமனார் ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தார். மடிக்காமல் கிடந்த வேட்டிகளையும் பார்த்தார். மருமகள் அடுத்ததை எடுத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்தார்.

நான் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினேன். என் வாழ்க்கையில் நான் செய்ய முன்வந்த ஒரே பெருந்தன்மையான காரியம் என்று அந்த நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன்.

"நாளைக்கு மீட்டிங் முடியட்டும்மா. நற்சான்றை வாபஸ் வாங்கறேன்னு நான் திங்கக்கிழமை எழுதறேன். பெட்டி எதுவும் கடைக்குப் போகப்போறதில்ல, நடுவுல ரெண்டு நாள்தானே."

அவர் மடித்த வேட்டியை அடுக்கில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

"இப்பவே எழுதுங்க சார், பழசை ஏத்துறேங்கற அந்த வரியை எடுக்கச் சொன்னது யாருன்னும் சேத்து எழுதுங்க."