கூர் வெளிப்பக்கம்

பட்டறைக்காரருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருக்கிறது. தெருவுக்கு அவர் ‘இன்னொருதடவை’. வேலை முடிந்து, வண்டிக்காரர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்ட பிறகும், “இருங்க, இன்னொரு தடவை பாத்துடறேன்” என்று மூடிய க்ளட்ச்சைத் திறந்துவிடுவார். வண்டியை முடிக்காத மெக்கானிக்குகள் உலகில் ஏராளம். முடித்த வண்டியைத் தராதவர் இவர் ஒருவர்தான். பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு வேறு போக்கிடமும் கிடையாது; உதைத்து உதைத்துப் பொறுமை பழகியவர்கள்.

அவர் பார்ப்பது ஒரே ஒரு சாமானை. க்ளட்ச்சின் நடுப்பகுதி தண்டைவிட்டு நகராமல் பிடித்துவைக்கும், வாய் பிளந்த இரும்பு வளையம். பட்டறையில் அதற்கு ‘லாக்’ என்று பேர். கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். நகத்தால் வருடினால் ஒரு விளிம்பு மழுங்கல், மறு விளிம்பு கூர். கூர் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டாலும் வண்டி சமர்த்தாக ஓடும், ஒருநாள் அழுத்தம் தாங்காமல் லாக் பள்ளத்தைவிட்டு எகிறும்வரை. அதற்குப் பிறகு க்ளட்ச் லிவரைப் பிடிப்பதும் பிடிக்காததும் ஒன்று; எஞ்சின் சக்கரத்தை உந்திக்கொண்டே இருக்கும்.

அவர் தங்கை, கணவனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தபோது, இறக்கத்தில் அது நிற்காமல் லாரியில் மோதி இறந்துபோனாள். கணவன் கைக்கட்டோடு வந்து, சவத்தின் பக்கத்திலேயே, அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவில் சொன்னார்: “க்ளட்ச்சைப் பிடிச்சேன் மச்சான், விடல. நீங்க போட்ட லாக்குதான் அவளைக் கொன்னுடுச்சு.”

அந்த லாக்கைப் பட்டறைக்காரர் மாட்டியபோது தங்கை பக்கத்தில் நின்று, “அண்ணா, உன் மாப்ளைக்கும் ஒரு லாக் போட்டு விடு. சாயங்காலமானா வீட்டுப் பக்கமே வர மாட்டேங்கிறார்” என்று சொல்லிச் சிரித்தாள். இவரும் சிரித்தார். சிரித்தது ஞாபகம் இருக்கிறது. கூர் எந்தப் பக்கம் என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

போலீஸ் வந்து பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுப் போனது. க்ளட்ச்சை யாரும் திறக்கவில்லை. மாப்பிள்ளை வண்டியைக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டார். அண்ணன் சாவி கேட்கவில்லை. தீர்ப்பு சொல்லியாகிவிட்ட வழக்கில் சாட்சியை விசாரிக்க இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை. பேச்சு நின்றது. இவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது.

அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மருமகள், தங்கையின் பெண், இப்போது வேலைக்குப் போகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தாள். பின்னால், ஊசி போடக் கூட்டிவந்த குழந்தைமாதிரி, அவள் அப்பா.

“மாமா, இதை நான் ஓட்டப் போறேன். திறந்து பாருங்க.”

“வேற வண்டி வாங்கிக்கோம்மா.”

“அதையேதான் அப்பாவும் சொன்னார். ஒத்துமையா ஒரு வார்த்தை சொல்ல உங்க ரெண்டு பேருக்கும் இத்தனை வருஷமாச்சா?”

மூடியைக் கழற்றினார். ஸ்பிரிங்குகளை எடுத்து, மேல் தட்டை எடுத்தார். லாக் தெரிந்தது. இந்த நிமிஷத்துக்காக அவரிடம் இரண்டு வசனம் தயாராக இருந்தது. ஒன்று மன்னிப்பு. இன்னொன்று, “பாத்துக்குங்க மாப்ளே, யாரு கொன்னதுன்னு.”

வளையம் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருந்தது. விளிம்பில் நகத்தை வைத்தார். நகம் மாட்டியது. கூர் வெளிப்பக்கம்.

“எப்படி இருக்கு மச்சான்?”

“சரியாத்தான் இருக்கு.”

மாப்பிள்ளை பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். “அப்ப... நான்தான் சரியாப் பிடிக்கலையா?”

இரண்டாவது வசனம் நாக்கு நுனிவரை வந்தது. டயர்மேல் இருந்த ஆளைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டது. இத்தனை வருஷம் தான் படுத்திருந்த படுக்கையில் அந்த மனிதர் இப்போதுதான் படுக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தது.

லாக்கைக் கழற்றி ஓரமாக வைத்தார். தட்டுகளை இழுத்தார். வரவில்லை.

“மாப்ளே, இங்க வாங்க. பிளேட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு. இப்படி ஒட்டினா எப்படிப் பிடிச்சாலும் க்ளட்ச் விடாது.”

“அன்னைக்கே ஒட்டியிருந்துச்சா?”

“தெரியாது. ஓடும்போதே ஒட்டியிருக்கலாம். நிறுத்தி வெச்சதுல ஒட்டினதாவும் இருக்கலாம். இதுக்கு மேல எந்த மெக்கானிக் சொன்னாலும் பொய்.”

மருமகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கந்தைத் துணியை எடுத்து நீட்டினாள்.

கத்தியை நுழைத்துத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவி அடுக்கினார். ஒருமுறை விரித்துக் கழற்றிய லாக்கைத் திரும்பப் போடக்கூடாது. புதிதாக ஒன்றை எடுத்து நகத்தால் வருடி, பள்ளத்தில் விட்டார். ‘டிக்’ என்று உட்கார்ந்தது. சுழற்றிப் பார்த்தார். பிறகு, அவரே எதிர்பாராதபடி, மூடிவிட, மேல் தட்டை எடுக்கக் கை போனது.

“மச்சான்.” மாப்பிள்ளை எழுந்து பக்கத்தில் வந்து குனிந்திருந்தார். “பொண்ணு ஓட்டப் போறா. இன்னொரு தடவை பாத்துடுங்க.”

அவர் நகர்ந்து இடம் விட்டார். “நீங்க பாருங்க. நகத்தால.”